மலையேறும் பிக்கப்பில் உதறல்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். குஞ்சப்பனை தாண்டி, மலை முடிந்து ரோடு சமமான இடத்தில் நான்காவது கியர் போட்டதும் சீட்டுக்கு அடியில் உதறல் ஆரம்பித்தது. 50-ஐத் தொட்டால் வரும், 65 தாண்டினால் குறையும். டயர்தான் என்று நினைத்துப் பின் டயர் இரண்டையும் மாற்றினேன், போகவில்லை. வீல் பேலன்சிங் பார்த்தேன், போகவில்லை. கிளட்ச் பிளேட்டாக இருக்கும் என்று ஒருவர் சொல்ல, கியர் பாக்ஸை இறக்கி அதையும் மாற்றினோம். உதறல் அப்படியே இருந்தது.

மூன்று வாரம் கழித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் ஷாஃப்டில், மடங்கிக் கொடுக்கும் இணைப்பான கிராஸை முந்தைய மாதம் ஒரு பட்டறையில் மாற்றியபோது ஸ்ப்ளைன் பகுதியை (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல் வரிகள்) உருவி, திரும்ப மாட்டும்போது இரண்டு பல் தள்ளி மாட்டிவிட்டார்கள். அதை உருவி, குறிக்கு நேராகக் குறி வைத்து மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. செலவு கொஞ்சம் கிரீஸ் மட்டும்.

அந்த மூன்று வாரத்தில் நான் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த உதறல் எதோடு சேர்ந்து சுற்றுகிறது? இன்ஜினோடா, ஷாஃப்டோடா, சக்கரத்தோடா? இதற்குப் பதில் தெரியாமல் எந்த சாமானும் வாங்காதீர்கள். கீழே சொல்வதெல்லாம் இந்தப் பதிலுக்குப் போகும் வழிதான். பொலேரோ பிக்கப், யோதா, டி-மேக்ஸ் போல, முன்னால் இன்ஜினும் பின்னால் இழுக்கும் அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தும்.

மலை வண்டிக்கு இந்தக் கோளாறு ஏன் அதிகம் வருகிறது?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஏறும்போது முதல் கியரிலும் இரண்டாவதிலும் முழு இழுவையும் ஷாஃப்டை ஒரு பக்கமாக முறுக்குகிறது. இறங்கும்போது அதே கியரில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது; அப்போது முறுக்கு எதிர்ப் பக்கம் திரும்பிவிடும். குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவிலும், கல்லட்டியின் 36 வளைவிலும் வளைவுக்கு வளைவு இது மாறி மாறி நடக்கும். சமவெளியில் நாள் முழுக்க ஓடும் வண்டியின் கிராஸ் இப்படி அடி வாங்குவதில்லை.

போதாததற்கு மழை. தோட்டத்துச் செம்மண் அடியெல்லாம் அப்பும். அதைக் கழுவ பிரஷர் தண்ணீர் அடிப்போம். சீல் கொஞ்சம் தளர்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் கிராஸ் பேரிங்குக்குள் போய்விடும். மூட்டை அதிகம் ஏற்றுவதற்காகப் பின்னால் எக்ஸ்ட்ரா பட்டை போடுவதும் இங்கே வழக்கம். அதனால் ஷாஃப்டின் கோணமே மாறிவிடுகிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அடியில் என்ன இருக்கிறது?

இன்ஜினின் சுற்று ஃப்ளைவீல், கிளட்ச் வழியாகக் கியர் பாக்ஸுக்கு வருகிறது. அங்கிருந்து ப்ரொபெல்லர் ஷாஃப்ட். நீளமான பிக்கப்பில் இது இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் சேஸிஸில் தொங்கும் ரப்பர் வளையத்துக்குள் சென்டர் பேரிங். ஷாஃப்ட் மடங்கிக் கொடுக்க மூன்று இடத்தில் கிராஸ். சுமை ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் நீண்டு குறைய ஸ்ப்ளைன். கடைசியில் சுற்றைச் சக்கரப் பக்கம் திருப்பும் பல்சக்கரங்களான பினியன், கிரௌன், பிறகு இரண்டு ஆக்ஸில், சக்கரம்.

இன்ஜின், ஷாஃப்ட், சக்கரம் மூன்றும் மூன்று வேகத்தில் சுற்றுகின்றன. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கோளாறைப் பிடிக்கப் போகிறோம். கணக்கு இதுதான். 215/75 ஆர்15 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 450 சுற்று, நொடிக்கு ஏழரை. கிரௌன் பினியன் விகிதம் 4.3 என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு சுமார் 1,950 சுற்று, நொடிக்கு 32. கிராஸ் கெட்டாலும் கோணம் தப்பினாலும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதறும், அதாவது நொடிக்கு 65.

இதை உடம்பே சொல்லிவிடும். நொடிக்கு ஏழெட்டு என்றால் தொடையும் வயிறும் ஆடும், கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். 32 என்றால் எண்ண முடியாது. பாதம் கூசும், உள் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரியும். 65 என்றால் உதறலை விட ரீங்காரம்தான் அதிகம், கேபினே முனகும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அதிர்வை அளக்கும் ஆப் போனுக்குக் கிடைக்கிறது. போனைத் தரையில் அழுத்தி வைத்தால் நொடிக்கு எத்தனை என்று காட்டும். பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஓட்டுகிறவர் போனைத் தொடக் கூடாது.

படி 1: ஒரு தாளில் எழுதுங்கள்

பட்டறைக்குப் போகும் முன் ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். எந்த வேகத்தில் வருகிறது, எதில் போகிறது. எந்த கியரில் வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா, இரண்டிலுமா. காலி வண்டியிலா, மூட்டையோடா. எங்கே தெரிகிறது: ஸ்டியரிங்கிலா, சீட்டிலா, கியர் ராடிலா. ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம் அல்லது ஷாஃப்ட். கியர் ராட் மட்டும் நடுங்கினால் கியர் பாக்ஸ், கிளட்ச், மவுண்டிங்.

ஆறாவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: உதறல் வருவதற்கு முன் வண்டியில் கடைசியாக என்ன வேலை நடந்தது? என் கதையில் விடை அந்த வரியிலேயே இருந்தது. நான் எழுதவில்லை.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கு வேண்டாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி டிரம்மோ டிஸ்க்கோ கோணியிருக்கும். அதை உடனே பாருங்கள். மலையில் பிரேக்கைத் தள்ளிப்போடக் கூடாது.

படி 2: ரோட்டில் ஓட்டிப் பாருங்கள்

முதலில் எச்சரிக்கை. சமவெளி மெக்கானிக்குகள் நியூட்ரலில் உருட்டிப் பார்க்கச் சொல்வார்கள். மலைப்பாதையில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் இன்ஜின் பிடிமானம் போய்விடும், பிரேக் மட்டும்தான் மிச்சம். பெரிய விபத்துகள் இப்படியும் ஆரம்பிக்கும். நான் மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு காரமடை ரோட்டில் கூட்டமில்லாத நேரத்தில்தான் சோதித்துப் பார்ப்பேன். கூடலூர், மசினகுடிப் பக்கம் இருப்பவர்கள் தெப்பக்காடு ரோடு சமமாக இருக்கிறதே என்று அங்கே வேகம் எடுத்துப் பார்க்காதீர்கள். அது முதுமலைக் காட்டுக்குள் போகும் ரோடு. எந்த நேரத்திலும் யானையோ மானோ குறுக்கே வரும்.

நியூட்ரல் போடாமலேயே விடை கிடைக்க ஒரு வழி இருக்கிறது. 40-இல் மூன்றாவது கியரில் போங்கள். உதறலைக் கவனியுங்கள். அதே 40-இல் நான்காவதுக்கு மாற்றுங்கள். இன்ஜின் சுற்று குறைந்துவிட்டது; ஷாஃப்டும் சக்கரமும் அதே வேகத்தில்தான் சுற்றுகின்றன. உதறல் மாறாமல் இருந்தால் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்று. உதறல் மறைந்தாலோ தன்மை மாறினாலோ இன்ஜின் பக்கம். எந்த வேகத்தில் உங்கள் வண்டி உதறுகிறதோ அதே வேகத்தில், ஓட்டத் தோதான இரண்டு கியரில் இதைச் செய்யுங்கள்.

இன்ஜின் பக்கம் என்று சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, உதறல் வந்த ஆர்.பி.எம். வரை ரேஸ் பண்ணுங்கள். நின்ற இடத்திலேயே உதறினால் இன்ஜின் மவுண்டிங், ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், அல்லது ஒரு சிலிண்டர் சரியாக அடிக்காதது. கிளட்சை மிதித்ததும் உதறல் மாறினால் கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸ் பக்கம் பாருங்கள்.

அப்புறம் ஆக்சிலரேட்டர் சோதனை. அதே வேகத்தில் மிதித்துப் பாருங்கள், விட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி உதறினால் டயர், ரிம், ஷாஃப்ட் பேலன்ஸ். மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிராஸ், கோணம், மவுண்டிங். விட்டதும் வந்தால், அதாவது இறக்கத்தில் இன்ஜின் பிடிக்கும்போது வந்தால், பினியன் பேரிங், கிரௌன் பினியன் இடைவெளி, ஸ்ப்ளைன் தேய்மானம். இது முழுமையான விதி இல்லை. ஆனாலும் பத்து இடம் தேடுவதை மூன்று இடமாகக் குறைத்துவிடும்.

வண்டி கிளம்பும்போது மட்டும், 0-விலிருந்து 20-க்குள், மூட்டையோடு ஏற்றத்தில் வரும் உதறல் தனி வகை. கிளட்ச் பாதி பிடித்திருக்கும்போதே வந்து, முழுக்கப் பிடித்ததும் நின்றால் கிளட்ச். முழுக்கப் பிடித்த பிறகும் வண்டி இரண்டு மூன்று நீளம் நகரும் வரை தொடர்ந்தால் ஷாஃப்ட் கோணம் அல்லது சென்டர் பேரிங். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கிளட்ச் செட்டை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படி 3: செம்மண்ணும் டயரும்

அடியில் போகும் முன் காசு ஆகாத வேலைகளை முடித்துவிடுங்கள். நான்கு சக்கரத்தின் ரிம்மிலும் உட்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள். தோட்டத்துக்குள் போய் வந்த வண்டியில் செம்மண் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்து செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளங்கை அளவு மண் போதும், சமவெளியில் வேகம் எடுத்ததும் சக்கரம் ஆட ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் திடீரென்று வரும் உதறலுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பிறகு டயரில் வீக்கம், திட்டுத் திட்டான தேய்மானம், ரீட்ரெட் பட்டை ஓரத்தில் விலகியிருக்கிறதா என்று பாருங்கள். வீல் நட்டு எல்லாவற்றையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். முன் பின் டயரை மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். உதறல் சீட்டிலிருந்து ஸ்டியரிங்குக்கு வந்துவிட்டால் குற்றவாளி டயர்தான், மேலே தேட வேண்டாம்.

படி 4: அடியில் படுத்துப் பார்ப்பது

சமமான, கெட்டியான தரை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஷாஃப்டைத் திருப்பிப் பார்க்கக் கியரை நியூட்ரலுக்கு எடுக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும் என்பதால் அதையும் விட வேண்டி வரலாம். அப்போது அந்தக் கட்டைகள் மட்டும்தான் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும். எனவே கல்லை முட்டுக் கொடுத்து ஒப்பேற்றாதீர்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது; ஆக்ஸில் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான். பள்ளம் உள்ள பட்டறை கிடைத்தால் அதுதான் நல்லது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும்.

முதலில் கண்ணால் பாருங்கள். ஷாஃப்ட் குழாயில் பள்ளம் விழுந்திருக்கிறதா? கல்லில் உட்கார்ந்த வண்டியில் இருக்கும். குழாயின் மேல் தீப்பெட்டி அளவில் சின்னத் தகடு வெல்டு வைத்திருப்பார்கள். அது பேலன்ஸ் எடை. வெல்டு தடம் மட்டும் இருந்து தகடு இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. ஷாஃப்டில் அப்பியிருக்கும் மண்ணையும் தாரையும் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

இனி கிராஸ். இதற்கு அவசரம் கூடாது. கிராஸைப் பிடித்திருக்கும் இரட்டைக் காதுதான் யோக். கிராஸுக்கு இந்தப் பக்க யோக்கை ஒரு கையிலும் அந்தப் பக்க யோக்கை இன்னொரு கையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். நல்ல கிராஸில் இரண்டும் ஒன்றாகத்தான் அசையும். நடுவில் ‘டிக்’ என்று சின்ன ஆட்டம் கையில் தெரிந்தால் அது போய்விட்டது. அடுத்து ஷாஃப்டை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். பிறகு பேரிங் மூடியின் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மிளகாய்த்தூள் தூவினது போலச் சிவப்புத் துரு ஒட்டியிருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை, பேரிங்குக்குள் இருக்கும் உருளை ஊசிகள் காய்ந்து அரைபடுகின்றன.

கிரீஸ் கன்னை வைத்து அடிக்கும்போதும் ஒரு சோதனை இருக்கிறது. நான்கு மூடியின் சீல் வழியாகவும் பழைய கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். முதலில் கருப்பாக வரும், பிறகு புதுக் கிரீஸின் நிறம் தெரியும். மூன்றில் வந்து நான்காவதில் வரவில்லையென்றால் அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது. ஷாஃப்டைக் கொஞ்சம் அசைத்து மறுபடி அடியுங்கள். அப்போதும் வராவிட்டால் அந்த கிராஸை நம்ப வேண்டாம். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இல்லாத மூடிய வகை கிராஸில் இந்தச் சோதனை முடியாது. அங்கே ஆட்டத்தையும் துருவையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆட்டமே இல்லாத கிராஸும் உதறும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஊசிகள் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்திச் சின்னக் குழி விழுந்திருக்கும். ஷாஃப்டைக் கழற்றி, கிராஸை விரலால் மடக்கினால் வழுக்கிக்கொண்டு போகாமல் ஒரு இடத்தில் பிடித்து, தாண்டி, மறுபடி பிடிக்கும். மேட்டுக்கு ஏறி ஏறிப் பழகிய வண்டியில் நான் அதிகம் பார்த்தது இந்த வகைதான்.

சென்டர் பேரிங்கைப் பிடித்து நாலா பக்கமும் ஆட்டுங்கள். ரப்பர் கொஞ்சம் கொடுக்கும், அது சரி. கிழிந்து, ஷாஃப்ட் வளையத்தின் அடியில் உட்கார்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஷாஃப்டை மெதுவாகச் சுற்றி, பேரிங் கூட்டில் விரலை வையுங்கள். மணல் அரைப்பது போலத் தெரிந்தால் பேரிங் முடிந்தது.

பினியன் ஃபிளாஞ்சை (ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டு) பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். திருப்பும்போது கொஞ்சம் இடைவெளி இருப்பது இயல்பு, பல்லுக்குப் பல் அது வேண்டும். மேலும் கீழும் கையில் தெரியும்படி அசையவே கூடாது. அசைந்தால் பினியன் பேரிங். அந்த நிலையில் சீலில் ஆயிலும் கசிந்திருக்கும். டிஃப்ரன்ஷியல் டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலைப் பாருங்கள். போல்ட் நுனியில் காந்தம் இருந்தால் மை போன்ற பசை ஒட்டியிருப்பது சகஜம்; தகடு தகடாகத் துண்டுகள் இருந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ உடைகிறது, வண்டியை அப்படியே நிறுத்துங்கள்.

அச்சைப் பட்டையோடு கட்டும் யு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் அச்சு பட்டையின் மேல் திரும்பும், கோணம் கெடும். இன்ஜின், கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பரில் வெடிப்பும் ஆயில் ஊறலும் பாருங்கள்.

படி 5: கோணம் அளப்பது

மேலே எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் உதறல் மிதிக்கும்போது வருகிறது அல்லது சுமையைப் பொறுத்து மாறுகிறது என்றால் கோணம்தான். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எக்ஸ்ட்ரா பட்டை போட்ட எல்லா வண்டிக்கும் இது சம்பந்தப்பட்டது.

கிராஸ் நேராக இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றும். மடங்கிய நிலையில் அப்படி இல்லை. ஒரு சுற்றுக்குள் அந்தப் பக்கம் இரண்டு முறை வேகமாகும், இரண்டு முறை மெதுவாகும். கோணம் கூடக் கூட இந்த இழுபறி கூடும். ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் கிராஸும் அதே அளவு மடங்கி, இரண்டு யோக்கும் ஒரே திசையில் நின்றால், அங்கே எதிர்மாறாக நடந்து கணக்கு சரியாகிவிடும். ஸ்ப்ளைனைப் பல் தள்ளி மாட்டினால் இது கெடுகிறது. இரண்டு முனைக் கோணமும் சமமில்லையென்றாலும் கெடுகிறது.

அளக்க டிஜிட்டல் கோணமானியோ போனில் உள்ள லெவல் ஆப்போ போதும். வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்க வேண்டும். அச்சைத் தொங்கவிட்டு அளந்தால் எல்லாம் தப்பு. கியர் பாக்ஸ் வெளிமுனை, முதல் ஷாஃப்ட், இரண்டாவது ஷாஃப்ட், பினியன் ஃபிளாஞ்ச் என்று நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த கிராஸின் கோணம். வித்தியாசத்தைத்தான் எடுக்கிறோம் என்பதால் தரை லேசாகச் சரிந்திருந்தாலும் கணக்கு மாறாது. மலையில் இது பெரிய வசதி.

உதாரணம்: கியர் பாக்ஸ் 4, முதல் ஷாஃப்ட் 5, இரண்டாவது ஷாஃப்ட் 8, பினியன் 5 டிகிரி, எல்லாம் பின்பக்கம் சரிவு. முதல் கிராஸில் 1, நடுவில் 3, பின்னால் 3. நடுவும் பின்னும் சமம், நன்றாக ஓடும். இப்போது பட்டை சேர்த்துப் பின்பக்கம் உயர்ந்து, இரண்டாவது ஷாஃப்ட் 10 டிகிரி ஆகிவிட்டது என்று வையுங்கள். நடுவில் 5, பின்னால் 5. சமம்தான், ஆனாலும் அளவு மிஞ்சிவிட்டது. பொதுவாக ஒவ்வொரு கிராஸும் 3 டிகிரிக்குள், சமமாக இருக்க வேண்டிய இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. சுத்தமாக 0-வும் நல்லதில்லை. ஊசிகள் அசையாமல் ஒரே இடத்தில் தேயும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் அளவு கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

காலியாக ஒரு முறை, வழக்கமான மூட்டையோடு ஒரு முறை அளக்க வேண்டும். பட்டை சேர்த்த வண்டிகள் பெரும்பாலும் மூட்டையோடு அமைதியாக இறங்கி, திரும்பக் காலியாக ஏறும்போது முனகும். தேவைக்கு மேல் போட்ட பட்டையை எடுத்துவிடுவதுதான் என் யோசனை. அது முடியாதவர்கள் சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் தகடு வைத்து இறக்குவதோ, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துப் பினியனைத் திருப்புவதோ செய்யலாம். ஒரு டிகிரி, இரண்டு டிகிரிக்குள்தான். தெரிந்தவர் கையால், அளந்துகொண்டே செய்ய வேண்டும்.

படி 6: பிரித்துப் பார்ப்பது

ஃபோர் வீல் டிரைவ் வண்டியானால் முதலில் சுலபமான வேலை: முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு டூ வீல் டிரைவில் ஓட்டுங்கள். உதறல் போய்விட்டால் கையில் இருக்கும் ஷாஃப்டிலேயே கோளாறு.

பின் ஷாஃப்டில் பேலன்ஸ் சந்தேகம் என்றால், பினியன் ஃபிளாஞ்சில் நான்கு போல்ட்டைக் கழற்றி ஷாஃப்டை அரைச் சுற்று திருப்பி மாட்டி ஓட்டிப் பாருங்கள். குறைந்தாலோ கூடினாலோ ஃபிளாஞ்சும் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று மையம் தப்பியிருக்கின்றன. எதைக் கழற்றும் முன்னும் வெள்ளை பெயிண்டால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். ஃபிளாஞ்சில் ஒரு கோடு, ஸ்ப்ளைனில் ஒரு கோடு. பெயிண்ட் இல்லையா, நெயில் பாலிஷ் போதும். என் மூன்று வாரத்தை அந்தக் கோடு மிச்சப்படுத்தியிருக்கும்.

ஹோஸ் கிளிப் வைத்தும் பார்க்கலாம். ஷாஃப்டின் பின்முனைக்குப் பக்கத்தில் ஒரு கிளிப்பை இறுக்கி, அதன் திருகு தலை மேலே, வலது, கீழே, இடது என்று நான்கு நிலையில் ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். ஒரு நிலையில் குறைந்து எதிர் நிலையில் கூடினால் ஷாஃப்டுக்குப் பேலன்சிங் வேண்டும் என்பது உறுதி. கிளிப்பை அப்படியே விட்டுவிட்டு ஓட்டாதீர்கள். ஷாஃப்டைக் கழற்றி, பேலன்சிங் மெஷின் வைத்திருக்கும் கோயம்புத்தூர் பட்டறைக்கு அனுப்புங்கள். இரண்டு துண்டையும் சென்டர் பேரிங்கோடு சேர்த்தே அனுப்ப வேண்டும்.

பின் அச்சைத் தூக்கி, சக்கரம் இல்லாமல் கியரில் ஓடவிட்டுப் பார்க்கும் முறை ஒன்றும் இருக்கிறது. அதை வீட்டு வாசலில் செய்ய வேண்டாம். ஸ்டாண்ட் சறுக்கினால் உயிர் போகும். சுற்றும் ஷாஃப்டில் சட்டை நுனியோ மப்ளரோ சிக்கினாலும் அதே கதைதான். லிஃப்ட் உள்ள பட்டறையில் செய்யச் சொல்லுங்கள்.

படி 7: மாட்டும்போது

புது கிராஸ் அடிக்கும்போது மூடிக்குள் ஒரு ஊசி சாய்ந்து விழுந்தால் லாக் பள்ளத்தில் உட்காராது. சுத்தியால் இன்னும் அடித்து உட்கார வைக்க நினைக்காமல், திரும்ப எடுத்து ஊசிகளை கிரீஸில் ஒட்டி நிறுத்துங்கள். லாக் போட்ட பிறகு யோக்கின் காதில் செம்புச் சுத்தியால் லேசாக ஒரு தட்டு. மூடி வெளிப்பக்கம் வந்து லாக்கில் உட்கார்ந்து, கிராஸ் விரலுக்கு வழுக்கிக்கொண்டு மடங்கும். இறுக்கமாக மாட்டிய கிராஸ் ‘ஓடினால் சரியாகிவிடும்’ என்று சொன்னால் கேட்காதீர்கள். சூடாகிக் கெட்டுப் போகத்தான் போகிறது.

ஸ்ப்ளைனில் குறிக்கு நேராகக் குறி. ஃபிளாஞ்ச் முகத்தில் மண், பெயிண்ட், பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. மெல்லிய பிசிறு கூட ஷாஃப்டை மையம் தப்ப வைக்கும். போல்ட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள். சென்டர் பேரிங் பிராக்கெட் போல்ட்டைக் கடைசியில், வண்டி தரையில் நின்ற பிறகு இறுக்குங்கள்.

ஒரே நாளில் இரண்டு சாமான் மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அடுத்தது.

முடிந்ததும் பழைய தாளை எடுத்து, அதே ரோட்டில், அதே வேகத்தில், அதே கியரில் ஓட்டிப் பாருங்கள். காலியாக ஒரு முறை, அடுத்த லோடு ஏற்றியதும் ஒரு முறை. இறங்கியதும் கிராஸ் மூடிகளையும் சென்டர் பேரிங் கூட்டையும் அருகில் கை வைத்துப் பாருங்கள். மற்றதை விட ஒன்று மட்டும் சுடச்சுட இருந்தால் அங்கே இன்னும் வேலை பாக்கி. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் யு போல்ட்டுகளையும் மறுபடி ஒரு முறை முறுக்கிவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் அந்தத் தாளின் பின்பக்கம் எழுதி டாஷ்போர்டுக்குள் வையுங்கள். மழைக்காலம் முழுக்க, வண்டியைக் கழுவிய ஒவ்வொரு முறையும், அன்றே கிரீஸ் அடியுங்கள்.